சித்தியின் வலது கை

கொரட்டூர் வீட்டு அடிபம்பைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக உடைந்து கிடந்த கண்ணாடி வளையல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. எண்பதுகளின் கடைசி. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, முந்தின நாள்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. பாசியில் கால் வழுக்கியபோது, வயிறு தரையில் பட்டுவிடக் கூடாதென்று வலது கையை ஊன்றி விழுந்தாள். வளையல் சில்லு ஒன்று மணிக்கட்டின் உட்புறம் ஆழமாக இறங்கிவிட்டது.

ஓடி வந்த அம்மா, "வயித்துல அடி கிடி பட்டுச்சாடி?" என்றுதான் கேட்டாள். பக்கத்துத் தெரு டாக்டரும் குழந்தையின் அசைவைத்தான் முதலில் பார்த்தார். பிறகு காயத்தைத் தைத்துவிட்டு, விரல்களை மடக்கச் சொன்னார். எல்லா விரலும் மடங்கின. நாங்கள் நிம்மதியாக வீடு திரும்பினோம்.

சில நாள் கழித்துச் சித்தி சொன்னாள்: "அக்கா, கட்ட வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப் போய் கீதுக்கா. தொட்டா தொட்ட மாரியே இல்ல."

"மாசமா இருந்தா அப்டித்தான். இவ வயித்துல இருந்தப்ப எனக்கும் மரத்துகினுதான் இருந்துச்சு" என்று அம்மா என்னைக் காட்டினாள். "கொயந்த பொறந்தா சரியா பூடும்."

அம்மா சொன்னது பொய்யில்லை. கர்ப்ப காலத்தில் மணிக்கட்டுக்குள் வீக்கம் வந்து நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவது சாதாரணம். பிசியோதெரபிஸ்டான பிறகு எத்தனையோ பெண்களிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சித்திக்கு நரம்பு அறுந்திருந்தது. முன்கையின் நடுவே, விரல்களை மடக்கும் தசைகளுக்கிடையில் பத்திரமாக மறைந்து வரும் மீடியன் நரம்பு, மணிக்கட்டை நெருங்கும்போது தோலுக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. மடக்கும் தசைகளுக்கான கிளைகள் மேலேயே பிரிந்துவிடுவதால், அந்த இடத்தில் அறுபட்டாலும் விரல்கள் மடங்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் சின்னத் தசைகளின் பலம்தான் போய்விடும். கூடவே, மூன்றரை விரல்களின் உணர்வும். விரல் நுனியில் பஞ்சால் தொட்டு, "தெரிகிறதா?" என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

பெண் குழந்தை பிறந்தது. மரத்த விரல்கள் மரத்தபடியே இருந்தன. குழந்தை தவழத் தொடங்கியதும், அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் முன்பு பார்த்த வேலைக்கே சித்தி திரும்பினாள். தலைமுடி போன்ற செப்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றுவது. அதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் முதல் நாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். "கம்பி கைல கீதா, வுயுந்துட்ச்சான்னே தெர்லக்கா" என்றவள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அம்மா அந்தக் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழிருந்த சதைமேடு வற்றிப் பள்ளமாகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "அப்பவே வந்திருந்தா நரம்பைச் சேர்த்துத் தைச்சிருக்கலாம்மா. இனிமே அந்தத் தசை திரும்பாது" என்றார். சித்திதான், "அக்காக்கு இன்னா சார் தெரியும்? நானும் கம்னு இருந்துட்டேன்" என்றாள்.

மோதிர விரலின் தசைநாண் ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றி வைத்தார்கள். பிடி வந்தது, உணர்வு வரவில்லை. எதைப் பிடித்தாலும் கண்ணால் பார்த்துக்கொண்டே பிடிக்க வேண்டும். "கரண்டு பூட்ச்சின்னா என் கையும் பூட்ச்சி" என்று சிரிப்பாள். அம்மா அந்தச் சிரிப்பில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. சித்தியின் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை, யாரும் கேட்காமலே தினமும் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் அவளுக்குத் தலை பின்னிவிட்டு வந்தாள்.

காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கவும் மகளின் கன்னத்தைத் தடவவும் சித்தி இடது கையைத்தான் நீட்டினாள். மகளும் நடக்கப் பழகியதிலிருந்து அந்தப் பக்கமாகவே வந்து ஒட்டிக்கொண்டாள். கையில் என்ன தழும்பு என்று அவள் கேட்டபோது, "வளையல் குத்திட்ச்சி" என்பதோடு சித்தி நிறுத்திக்கொண்டாள். அன்று நாங்கள் எல்லோரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். மண்டப வாசலில் நெரிசல். சித்தியின் வலப் பக்கம் வந்துவிட்ட மகள், கூட்டத்தை விலக்கிச் சுற்றிக்கொண்டு போய், இடப் பக்கம் நின்று தாயின் கையைப் பிடித்தாள். ஏன் அந்தப் பக்கம் என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.