மூக்கக்காவின் மோப்பம்

கார் கழுவுகிற இடத்துக்கு வருகிறவர்கள் காரின் முகத்தைப் பார்ப்பார்கள். மூக்கக்கா காலடியைத்தான் பார்ப்பாள். "ஒருத்தனோட பவுசு பெயின்ட்ல தெரியும், யோக்கியதை மேட்லதான் தெரியும்" என்பது அவள் கட்சி.

பதினாறு வருடமாக அந்த வாட்டர் சர்வீஸில் அவளுக்கு ஒரே வேலை. காரின் தரையில் கிடக்கிற கார்ப்பெட் மேட்டுகளை உருவி வந்து, கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவது. இது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள்தான் வீட்டிலேயே சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்து, ஈரம் போகுமுன் காரில் போட்டு, மூன்றாம் நாள் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு வாயால் மூச்சுவிட்டபடி அவளிடமே வந்து நிற்பார்கள். "வாங்க சார். உள்ள எலி செத்துக் கிடக்குதா, இல்ல நீங்களே கழுவுனீங்களா?" என்று வரவேற்பாள்.

அவள் முறை வேறு. மேட்டைக் கம்பியில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் பிரம்பால் விளாசுவாள். காய்ந்த மண் காய்ந்தபடியே போக வேண்டும். தண்ணீர் பட்டால் சேறாகி நூலுக்கடியில் குடித்தனம் வைத்துவிடும். பிறகு சமையல் சோடாவைத் தூவி ஒரு மணி நேரம் கண்டுகொள்ளாமல் விடுவாள். அப்புறம்தான் ஷாம்பு நுரையும் கட்டை பிரஷ்ஷும். அலசல் அகலமான வெள்ளைத் தொட்டியில். முதல் தண்ணீர் காப்பி நிறத்திலும், இரண்டாவது டீ நிறத்திலும், மூன்றாவது தண்ணீர் நிறத்திலும் வர வேண்டும். நிழலில் காற்றாட உலர்த்தி, கடைசியில் முகத்தருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பாள். அவள் தலையாட்டினால்தான் மேட் காருக்குத் திரும்பும்.

அந்த மூக்கால்தான் அவளுக்கு அந்தப் பேரே வந்தது. நாய் ஏறியது, குழந்தை வாந்தியெடுத்தது, யாரோ ஒளிந்து சிகரெட் குடித்தது எதுவும் அதனிடம் தப்பாது. "சிகரெட்ட விட்டுட்டேன்னு வீட்ல சொல்லியிருக்கீங்களா சார்? அப்ப இன்னொரு தடவை கழுவிடறேன்" என்று அவள் மெதுவாகக் கேட்டதில் வியர்த்துப்போன பெரிய மனிதர்கள் பலர். பழைய கார் வாங்குகிறவர்களும் அவளைத் தேடி வருவார்கள். வெள்ளத்தில் முங்கின காருக்குப் பெயின்ட் அடிக்கலாம், சீட் மாற்றலாம், செண்ட் அடிக்கலாம். அத்தனைக்கும் அடியில் கிடக்கிற சேற்று வாடையை அவள் மூக்கு இழுத்து வெளியே போட்டுவிடும். அவள் உதட்டைப் பிதுக்கினால் வியாபாரம் அங்கேயே படுத்துவிடும்.

கட்டினவன் பாதியில் கழன்றுகொண்டான். அவனைப் பற்றி யாராவது கேட்டால், "கறை போயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி. அவனுக்கு இரண்டு வயது ஆகுமுன்பே அம்மா போய்விட்டாள். அப்போது இவளுக்குப் பத்து. இடுப்பில் தூக்கித் திரிந்து ஆளாக்கினாள். இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது, வாடகை வண்டி ஓட்டுகிறான். பத்து வருடக் காத்திருப்புக்குப் பிறகு போன மாதம்தான் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

நான்கு மாதத்துக்கு முன் மூக்கக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. வேலைக்குத் திரும்பிய அன்று, கறை எடுக்க வைத்திருந்த வினிகர் பாட்டிலைத் திறந்து, தண்ணீர் என்று நினைத்து முகம் கழுவப் போனாள். கண் எரிந்து துள்ளிய பிறகுதான் விஷயம் விளங்கியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல இவர் எத்தனை வருடம் படித்தாரோ என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் மதிப்பார்கள்? மூக்கு போன மூக்கக்காவை ஊரே சொல்லிச் சிரிக்கும். அவளும் வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பாள். ஆகவே மற்றவர்களின் மூக்கைக் கடன் வாங்கி வண்டியை ஓட்டினாள். கழுவ வந்தவர்களிடம், "நான் சொன்னா நம்ப மாட்டீங்க, நீங்களே மோந்து பாருங்க" என்று மேட்டை நீட்டினாள். வேகத் தண்ணீர் அடிக்கிற பைப்பண்ணன் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் மேட்டை உயர்த்தி முகர்வதுபோல் இழுப்பாள். கண் அவர் முகத்தில் இருக்கும். அவர் மூக்கு சுருங்கினால் மேட் மறுபடி தொட்டிக்குப் போகும். வெட்கக்கேடுதான். ஆனால் ஓடியது.

அன்று காலை தம்பியே ஒரு காரோடு வந்து இறங்கினான். பழைய கார், ஆனால் பளபளவென்று இருந்தது. கூடவே ஒரு புரோக்கர், அவரும் பளபளவென்றுதான் இருந்தார். தம்பி தன் பழைய வண்டியைப் போன வாரமே விற்றுவிட்டான். இந்தக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுவதுதான் ஏற்பாடு. இது சொதப்பினால் மறுபடி அடுத்தவன் வண்டிக்கு டிரைவர் வேலைதான். மூன்று வருடம் அப்படி ஏச்சு வாங்கி வாங்கித்தான் சொந்த வண்டிக்கு வந்திருந்தான்.

"அக்கா, ஒரு தடவை மோந்து பாத்துச் சொல்லு. நீ சொன்னா உடனே எழுதிடறேன்."

"மேட்கூட கம்பெனி மேட்தாங்க, ஒண்ணையும் மாத்தல" என்றார் புரோக்கர் பெருமையாக.

பைப்பண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். சுற்றிலும் நின்ற வேலையாட்களும் முதலாளியும் வேடிக்கை பார்த்தார்கள். மூக்கக்கா கதவைத் திறந்து, குனிந்து, பலமாக ஒரு இழுப்பு இழுத்தாள். வெறும் காற்றுதான் வந்தது. ஓரக்கண்ணால் தம்பியைப் பார்த்தாள். உள்ளே தாராளமாக அடித்திருந்த செண்டில் அவன் முகம் மலர்ந்திருந்தது. எல்லார் முகமும் மலர்ந்துதான் இருந்தது. 'கழுவிப் பாத்துட்டுச் சொல்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன பெருமை விடவில்லை.

"சுத்தமான வண்டி" என்றாள்.

தம்பியும் புரோக்கரும் காகிதத்தோடு ஆபீஸ் அறைக்குப் போனார்கள். முதல் சவாரிக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று அவள் மேட்டுகளை உருவினாள். சோடா தூவிக் காத்திருக்க நேரமில்லாததால், விளாசிவிட்டு நேரே நுரை போட்டு அலசினாள். முதல் தண்ணீர் காப்பி. இரண்டாவதும் காப்பி. மூன்றாவதும் அதேதான். நான்காவது முறை தண்ணீரை மாற்றி அலசிவிட்டு, கொஞ்ச நேரம் தெளியவிட்டாள். வெள்ளைத் தொட்டியின் அடியில் மெல்லிசாக ஒரு படிவு இறங்கியிருந்தது.

விரலால் வழித்துத் தேய்த்துப் பார்த்தாள். செருப்பில் வருகிற மண் நறநறக்கும். இது முகப்பவுடர்போல வழுக்கியது, வெள்ளம் விட்டுப்போகிற வண்டல். மேட்டின் ஓரத்தையலை மடக்கிப் பிதுக்கினாள். துணிக்கும் ரப்பருக்கும் நடுவிலிருந்து பழுப்பாகக் கசிந்தது. புது மேட் வாங்கிப் போட்டிருந்தால் புரோக்கர் தப்பியிருப்பார், கஞ்சத்தனம் காட்டிக்கொடுத்துவிட்டது.

தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, புடவையெல்லாம் தண்ணீர் சிந்த ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள். தம்பி பேனாவைத் திறந்துவிட்டிருந்தான்.

"எழுதாதடா. தண்ணில முங்குன வண்டி இது."

புரோக்கர் பதறவில்லை. "என்னம்மா, இப்பதானே மோந்து பாத்து சுத்தம்னீங்க? பத்துப் பேரு காதால கேட்டாங்க. கால்ல சேறு இல்லாத மனுசன் உண்டா?"

"அக்கா, தொட்டியப் பாத்து ஏன் பயப்படற?" என்றான் தம்பி. காரின் மேல் அவனுக்கு ஏற்கெனவே காதல் வந்துவிட்டிருந்தது. "உன் மூக்கு என்னைக்குத் தப்பாச் சொல்லியிருக்கு?"

அவள் தொட்டியைக் கீழே வைத்தாள். வாசலில் முதலாளி, டீ குடித்துவிட்டு வந்த பைப்பண்ணன், இன்னும் நாலு பேர். யாருக்குத் தெரியக்கூடாது என்று நான்கு மாதம் நாடகம் ஆடினாளோ அத்தனை பேரும் ஒருவர் விடாமல் இருந்தார்கள்.

"மூக்கு செத்துப்போச்சுடா. நாலு மாசமாச்சு. எனக்கு ஒரு வாசனையும் தெரியாது."

"நல்ல கதையா இருக்கே" என்று புரோக்கர் சிரித்தார். தம்பியும் நம்பவில்லை. விலையைக் குறைக்க அக்கா ஏதோ நாடகம் போடுகிறாள் என்று நினைத்து அவனும் லேசாகச் சிரித்தான்.

மூக்கக்கா வெளியே போனாள். மீன் பெட்டி கவிழ்ந்து இரண்டு நாள் வெயிலில் பூட்டிக் கிடந்த ஒரு காரின் மேட், சுவரோரம் தனியாகக் கிடந்தது. காலையிலிருந்து அந்தப் பக்கம் ஈயைத் தவிர யாரும் போகவில்லை. அதை எடுத்துவந்து அறை நடுவில் நின்றாள். புரோக்கர் கைக்குட்டையை எடுத்தார். முதலாளி "ஐயோ" என்று வாசலைவிட்டே ஓடினார். மூக்கக்கா அதைத் தலையணைபோல் முகத்தில் புதைத்து, நிதானமாக மூன்று முறை மூச்சை இழுத்து விட்டாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். காரின் முன்சீட்டுக்கு அடியில், தரையோடு ஒட்டியிருந்த கார்ப்பெட்டைப் பிய்த்துத் தூக்கினான். அடியில் காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புரோக்கருக்குத் திடீரென்று வேறு எங்கோ அவசர வேலை வந்துவிட்டது. மேட்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அதான் தினம் என் மூஞ்சிக்கு நேரா மேட்டத் தூக்கித் தூக்கிக் காட்டுனியா?" என்றார் பைப்பண்ணன். "நான் வேற என்னமோ நெனச்சுட்டேன்."

"நெனப்புதான் உங்களுக்கு. போய் வேலையப் பாருங்க."

எல்லோரும் கலைந்தபின், மேட் காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபமாகத்தான் இருந்தான். ஆனால் கேட்டது காரைப் பற்றியல்ல.

"பாப்பா பொறந்தன்னைக்கு அவ தலைய மோந்து பாத்து, அப்படியே நம்ம அம்மா வாசனைன்னு சொன்னியே. அதுவும் பொய்யா?"

மூக்கக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மடியில கொண்டுவந்து வெச்சீங்க. மோந்து பாத்தா ஒண்ணுமே வரல. அப்படியே குடுக்க மனசில்லடா. ஏதாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"எனக்கு அம்மா மூஞ்சியே ஞாபகம் இல்லக்கா. நீ சொன்னதால, இதுதான் அம்மா வாசனைன்னு தினம் ராத்திரி அவள மோந்து பாத்துட்டுத்தான் தூங்கறேன்."

அவள் அழுதாள். மறைக்கவில்லை. மீன் நாற்றம் பிடித்த முந்தானையாலேயே முகத்தைத் துடைத்தாள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டானே தவிர, நகர்ந்து உட்காரவில்லை.

"என்ன வாசனைடா வருது அவகிட்ட? சொல்லு."

அவன் யோசித்தான். "தலையில ஒண்ணும் பெருசா இல்ல. கழுத்து மடிப்புலதான். கக்கி வெச்ச பாலு புளிச்ச மாதிரி. மோசமாத்தான் இருக்கும். ஆனா விட மனசு வராது."

மூக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் இடது தோள் அவளுக்கு நினைவு வந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத ஒரு புளிப்பு அந்த ரவிக்கையில் உண்டு. தம்பியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டும்போதெல்லாம் முகத்தில் வந்து அடிக்கும்.

"அது அம்மாதான்டா. எந்நேரமும் அவ தோள்ல நீதானே கக்கி வெப்ப" என்றாள். இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை.