வலிக்கு வார்த்தை தேடிய அண்ணன்

பூலாம்பாடியில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். பள்ளியிறுதி முடித்து, அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கமொன்றில் எழுத்தரானார். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். சாப்பிடும்போதே எழுந்து நடப்பார். தங்கையான நான் சோற்றுச் சட்டியுடன் பின்னால் நடப்பேன்.

அம்மாவுக்கு வயிற்றுவலி கண்டபோது அந்தப் பரபரப்பு இன்னும் கூடியது. சுரங்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் வடநாட்டவர். கம்பவுண்டர்தான் தமிழில் கேட்பார். அம்மா கைகூப்பி, "தேவலாமுங்க" என்பார். வெளியே வந்ததும் சுருண்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஏம்மா பொய் சொன்ன?"

"மருந்து குடுத்த மகராசன் மனசு நோவக் கூடாதுல்ல."

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் இந்த மரியாதை உண்டு. அண்ணன் தலையிலடித்துக்கொண்டு தாமே டாக்டரிடம் பேசினார். வலிக்கு அவர் அறிந்த ஆங்கிலச் சொல் 'பெயின்' ஒன்றுதான். அதற்குரிய மாத்திரை கிடைத்தது, வலி நிற்கவில்லை.

பழைய அகராதி ஒன்றை வாங்கி வந்து அம்மாவைத் துளைத்தெடுத்தார். "குத்துதா, கடுக்குதா? சரியா சொல்லும்மா!"

"ஈரத்துணியப் பிழியிற மாதிரி முறுக்குதுடா. முதுகு வரைக்கும் இழுக்குது."

அகராதியும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். முறுக்குவதற்கு 'ரெஞ்சிங்', முதுகுக்குப் பரவுவதற்கு 'ரேடியேட்டிங்' என்ற இரண்டும் அகப்பட்டன. பஸ்ஸிலும் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே போனார். கேட்டதும் டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். அன்றே திருச்சிக்கு அனுப்பினார். பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சையில் அம்மா பிழைத்தார்.

பிறகு சுரங்கத்தில் யாருக்கு நோவென்றாலும் அண்ணன்தான் துணைக்குப் போனார். புதுப்புது வார்த்தைகள் சேர்த்தார். தாங்கவே முடியாத வலியைச் சொல்லும் 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்'கை மட்டும் பிரசவ வலிக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார். பல்வலிக்கு அதைக் கேட்ட சித்தப்பாவுக்குக் கடைசிவரை தரவில்லை.

சென்ற ஆண்டு, அரியலூர் பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அண்ணன், ஆஸ்பத்திரி சேருமுன் போய்விட்டார். எப்படி வலித்தது என்று சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. ராத்தூக்கமும் இல்லை.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டுநர், நடத்துநர், சுரங்கத்து நண்பர்கள், உடனிருந்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மாற்றலாகிப் போன அந்த டாக்டரும் சேதி கேட்டுக் கருமாதிக்கு வந்திருந்தார். அம்மாவின் அருகில் தரையில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, எங்கே வலி?" என்று கேட்டார்.

"எடுத்துச் சொல்ல எம் மவன் இல்லீங்களே, சார்" என்றார் அம்மா.