சோறு நின்ற இடம்

அப்பாவுக்கும் முதலில் நெஞ்செரிச்சல்தான். மில்லில் தறி ஓட்டியவர், சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சுக்குழியை உள்ளங்கையால் தேய்த்துக்கொள்வார். வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்தார். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் சோறு இறங்காமல் நெஞ்சிலேயே நின்றது. பிறகு குழைத்த சோறும் நின்றது, பிறகு கஞ்சியும். ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "புத்துநோய் மாதிரி தெரியுது. வீட்டுக்கு அழைச்சிக்கினு போயிடுங்க" என்றார். அழைத்து வந்துவிட்டோம். சாரம் என்கிற எங்கள் பேட்டையில், வீட்டு முன்னறையில், நல்ல பசியோடு ஒரு மனிதர் மெலிந்துகொண்டே போனார். கடைசி நாட்களில் அடுப்பில் தாளிக்கவே அம்மா பயப்படுவாள். அந்த வாசனை அவரிடம் போய்விடக் கூடாது.

சில வருஷம் கழித்து எனக்கும் அதே எரிச்சல் வந்தது. சாப்பிடும்போது அம்மா என் தட்டைப் பார்க்க மாட்டாள், இடது கையைத்தான் பார்ப்பாள், அது நெஞ்சுக்குப் போகிறதா என்று. நான் அந்தக் கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

ஊரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. முதல் ஆள் நான் நாற்காலியில் உட்காரும் முன்பே எழுதத் தொடங்கிவிட்டார். "கேஸ்தான். கல்யாணம் ஆச்சா?" என்றார். இல்லை என்றேன். "கல்யாணம் ஆனா சரியாயிடும்." யாருக்குச் சரியாகும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், ஏப்பம் முந்திக்கொண்டது. அடுத்தவர் பிரெஞ்சில் படித்த பெரியவர், கல்யாணமாகாத பெண்ணை மத்மசேல் என்றுதான் கூப்பிடுவார். "மத்மசேல், இது நரம்புக் கோளாறு" என்று சொல்லிவிட்டு மேலே பிரெஞ்சிலேயே ஏதோ பேசிச் சிரித்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொருவர் ஊசி போட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். அப்பாவைப் பற்றி ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது எனக்கு வருகிற ஆத்திரத்தில் சாவி உடையாமல் இருந்ததே பெரிது.

அம்மாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. திருவிழாவுக்குப் போனால் மாதா கெபியில், அந்தக் குகைக் கோயிலில், மந்திரித்த எண்ணெயைச் சீசாவில் வாங்கி வருவோம். எங்கள் தெருவில் கத்தோலிக்க வீடுகள் எல்லாவற்றிலும் அது இருக்கும். தலைவலி என்றால் நெற்றிக்கு, வயிற்றுக்கு என்றால் உள்ளே. ஜெபம் முடிந்து படுக்கப் போகும்போது எனக்கு ஒரு கரண்டி கொடுப்பாள். அப்பாவுக்கும் கடைசிவரை அப்படித்தான் கொடுத்தாள். விழுங்கிவிட்டுப் படுத்தால் தொண்டைவரை நெருப்பு ஏறும். மறுநாள் அம்மா கரண்டியை இன்னும் கொஞ்சம் நிரப்புவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்புச் சோறு என் நெஞ்சின் நடுவில் நின்றது. மூச்சு வந்தது, விழுங்கத்தான் முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முறத்தில் நொய் புடைக்கிற சத்தம் கேட்டது. கஞ்சிக்கு.

நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆபீசில் ஒருத்தி, உழவர்கரைப் பக்கம் ஒரு டாக்டரம்மா இருப்பதாகச் சொன்னாள். "ஆனா ரொம்ப மெதுவு. ஒரு ஆளை உள்ள விட்டா வெளிய அனுப்ப மாட்டாங்க. பொறுமை இருந்தா போ" என்றாள். குறையாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுக்கவே இல்லை. "சொல்லும்மா" என்றார். எரிச்சலைச் சொன்னேன், ஏப்பத்தைச் சொன்னேன், சோறு நின்றதைச் சொன்னேன். நான் முடித்ததும் டாக்டரம்மா, "எதுக்குப் பயப்படுற?" என்று கேட்டார். இத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அழுதேன். தேற்றுகிற ஆளில்லை அவர். அழுது முடியட்டும் என்று இருந்தார்.

"சாப்பாடு, மருந்து தவிர வாயில வேற என்னா போவுது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"படுக்கப் போறப்ப?"

"ஜெபம் சொல்லுவோம். மாதா எண்ணெய் ஒரு கரண்டி."

அதைச் சாப்பாட்டிலும் சேர்த்ததில்லை, மருந்திலும் சேர்த்ததில்லை. அதனால் அதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை. அவர் சிரிக்கவில்லை. "நெத்தியில வச்சிக்கோ. உள்ள வேணாம். எண்ணெ குடிச்சிட்டுப் படுத்தா எரிச்சல் கூடத்தான் செய்யும். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிச்சிடு. கட்டில் தலைமாட்டுக் காலுக்குச் செங்கல் வச்சி ஒசத்து" என்றார். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறந்தார். "சோறு நின்னுச்சே, அதுக்கு மட்டும் உள்ள பாத்தே ஆவணும்."

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கொடுமையை எழுதப் போவதில்லை. முடிவை டாக்டரம்மாதான் சொன்னார். "புத்து இல்லம்மா. வயித்துப் புளிப்பு மேல வந்து வந்து சோத்துக்குழா புண்ணாயி, ஆறின எடம் தழும்பாயி சுருங்கிக் கெடக்கு. அதனாலதான் சோறு நிக்குது. குழாய் போட்டு அகலப்படுத்திடலாம். அப்புறம் எல்லாம் சாப்பிடலாம்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து கும்பிட்டேன். அவர் உட்காரச் சொன்னார்.

"அப்பாவுக்கு எத்தினி வருஷம் எரிச்சல் இருந்துச்சு?"

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேருந்து."

"அவருக்கு இதுமாதிரி உள்ள விட்டுப் பாத்தாங்களா?"

"இல்ல. வயித்த அமுக்கிப் பாத்தாங்க."

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "புத்தாவும் இருந்திருக்கலாம்" என்றார். "இல்லாமயும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா."

முன்னறையில் பசியோடு படுத்திருந்த அப்பாவும், அவர் வாயருகே எண்ணெய்க் கரண்டியை நீட்டுகிற அம்மாவும் என் கண்முன் வந்தார்கள். சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள். "அப்பாவுக்கு வந்ததாடி?"

"இல்லம்மா. இது வேற. சரியாயிடுமாம்."

நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"உங்கப்பாவுக்கு வந்ததுக்குத்தான் மருந்தே இல்லாமப் போச்சு. உனக்காவது மருந்து இருக்கறதா வந்துச்சே."

"ஆமாம்மா" என்றேன்.