சிதம்பரத்துக்குத் தண்ணீர் விழுங்கப் போன கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிறவர்கள் நடராஜரைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் படிக்கப் போவார்கள். நானும் காதரும் தண்ணீர் விழுங்கப் போனோம். அறுபதுகளின் நடுவில், ஆனித் திருமஞ்சனம் முடிந்த வாரம்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரே மண்டியில் எங்கள் இருவருக்கும் வேலை. முதலாளியின் தம்பி வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டாக்டர். சிதம்பரத்தில் தன் வீட்டு முன்னறையில் ஒரு கருவி வைத்திருந்தார். உணவுக்குழாயின் தசை எவ்வளவு அழுத்தத்தில் சுருங்கி உணவைக் கீழே தள்ளுகிறது என்று அது அளக்கும். நோயாளியின் குழாயில் என்ன கோளாறு என்று சொல்ல, நோயில்லாதவனுக்கு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டுமாம். நல்ல ஆரோக்கியமான ஆட்கள் வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டிருந்தார். காதர் உடனே சம்மதித்தான். நானும் சம்மதித்தேன். என் அப்பா சோறு இறங்காமல்தான் செத்துப்போனார். கொஞ்ச நாளாக எனக்கும் கவளம் நெஞ்சில் நின்று போவது போலிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, மெஷினே சொல்லட்டும் என்று கிளம்பினேன்.

முப்பது மைலுக்குள்தான் தூரம். காலைப் பாசஞ்சரில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். அந்த இடத்தில் காதர் உட்கார்ந்திருந்தான். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். நோன்பு பிடித்துப் பழகியவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை, சுகமாகத் தூங்கினான். எனக்கு ஆலப்பாக்கத்திலேயே கண் இருட்டியது. பரங்கிப்பேட்டையில் அவனுக்கு வேண்டியவர்கள் ஜன்னலோரம் வந்து சலாம் சொன்னார்கள். என்னை ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. வயிறு எரிந்தது, பசியால் மட்டுமில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஜட்கா பிடித்தோம். டாக்டர் வீடு என்றதும் வண்டிக்காரர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

"இவருக்கா ஒடம்பு சரியில்ல?"

காதர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

முதலில் அவனுக்குத்தான். மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டம்ளரைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர். காதர் வாய் வைத்து ஒரு மிடறு குடித்தான், நிறுத்தினான். இன்னொரு மிடறு, மறுபடி நிறுத்தினான். அவர்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்குவார்கள். ஓடும் காகிதத்தில் பேனா முள் ஒவ்வொரு மிடறுக்கும் ஓர் அலையைப் போட்டது. புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் மகிழ்ந்துபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடர்ந்த தலைமுடி, பசி தாங்கும் உடம்பு, நல்ல தூக்கம் எல்லாம்தான் அவனுக்கு வாய்த்திருந்தது, உள்ளே இருக்கும் குழாய் கூடவா?

அடுத்தது நான். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டேன். முள் கோடு போட்டுக்கொண்டே போனது. அலையே இல்லை. டாக்டர் காகிதத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். வீட்டில் யாருக்காவது இந்த மாதிரி உண்டா என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். காதர் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டான். அவன் முகமே மாறிவிட்டது.

"டாக்டர், இவன் வாய் வெச்சே குடிக்கமாட்டான். ஒரு சொம்பு தண்ணியையும் ஒரே மூச்சுல ஊத்திக்குவான். மெஷினுக்கு அது புரியுமா?"

டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். அடுத்தடுத்து விழுங்கினால் உணவுக்குழாய் சும்மா இருக்கும், கடைசி மிடறுக்குத்தான் சுருங்கும், அது வருவதற்குள் காகிதத்தை நிறுத்திவிட்டேன் என்றார். காதர் தான் குடித்த டம்ளரைக் கொல்லைக் குழாயில் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். நான் வாய் வைத்து ஒவ்வொரு மிடறாகக் குடித்தேன்.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, கடைசியில் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்படித் தண்ணீர் குடிப்பீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்கு என்ன இருந்தது என்பதையும் மறைக்காதீர்கள். குழாய் இறங்கும்போது குமட்டும், மூச்சை இழுத்து விட்டால் அடங்கிவிடும். கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது.

முடிந்ததும் டாக்டர் இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் விரித்து, பெயர் எழுதியிருந்த மூலைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். எது யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். எனக்கா தெரியாது? அலைகள் நிமிர்ந்து அழகாக இருந்ததைத் தொட்டு, இது காதருடையது என்றேன்.

அவர் கையை எடுத்தார். என் பெயர் இருந்தது.

காதர் குனிந்து பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"நல்லாருந்தா அது என்னுதாத்தான் இருக்கணுமா மச்சான்?"