புல்தரையில் நட்ட வேப்பங்குழை

பங்குனி பிறந்தாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகும் வழியில், கடலோர விடுதி ஒன்றின் கோல்ஃப் மைதானத்தில் புல் பார்ப்பது என் வேலை. அபிராமம் பக்கம் எங்கள் வயலில் அருகம்புல் தலைகாட்டினால் களை என்று வெட்டி வரப்பில் எறிவோம். இங்கே அதே புல்லைச் சீவிச் சிங்காரிக்கச் சம்பளம் தருகிறார்கள். பங்குனியில் தரையெங்கும் துளை போட்டு, ஆற்றுமணல் தூவி, வேர்ப்புழுவுக்கு மருந்தடித்துப் புல்லைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மருந்துதான் என் பயம்.

அந்த மாதத்தில் வேலிக்கு வெளியே பச்சை என்பதே கிடையாது. பக்கத்துக் குடிசைப் பெண் நாலைந்து வெள்ளாடு வைத்திருந்தாள். அவளுடைய ஒரு வயதுப் பிள்ளைக்கு அதில் ஓர் ஆட்டின் பால்தான் முக்கால்வாசி ஆகாரம். வேலிச் சந்து வழியாக அவள் ஓரப் புல்லை மேயவிட்டால் நான் காணாதவன்போல் இருந்துவிடுவேன். மருந்தடித்த நாளில் மட்டும், எங்கள் ஊர் வழக்கப்படி, மருந்துக்கு அடையாளமாக ஓரத்தில் வேப்பங்குழை ஒடித்து நட்டுவைப்பேன். குழையைக் கண்டால் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

போன பங்குனியில் ஒருநாள் காலையில் மருந்தடித்து, குழையும் நட்டுவிட்டு, மோட்டாருக்குச் சாமான் வாங்க ராமநாதபுரம் போனேன். பொழுது சாயத் திரும்பி வந்தால் ஓரத்தில் ஒரு குழைகூட இல்லை. விருந்தாளிகள் படம் எடுக்க வருகிறார்கள், அம்மை போட்ட வீடு மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் பிடுங்கி எறியச் சொன்னாராம். காவலாளி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் தரையைப் பார்த்துவிட்டேன். புல் நுனியெல்லாம் கடிபட்டிருந்தது. பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை ஈரம் காயாமல் கிடந்தது.

கழற்றிவிட்ட செருப்பைக்கூட மாட்டாமல் அவள் குடிசைக்கு ஓடினேன். உடைமரத்து முள் குத்தியதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட நினைத்தேன், பெயர் வாயில் வரவில்லை. அந்தப் பிள்ளையின் வாயோரம் எப்போதும் ஒட்டியிருக்கும் பால்தான் கண்ணுக்குள் நின்றது.

குடிசை வாசலில் அவள் காய்ச்சிய பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த பிள்ளை டம்ளரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"பிள்ளைக்குக் குடுத்துட்டியாத்தா?"

இனிமேல்தான் என்றாள். டம்ளரைப் பிடுங்கிப் பாலை மண்ணில் கொட்டினேன். புல்லில் மருந்து என்று சொன்னதும் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடுகள் பக்கம் திரும்பினோம். பால் கறந்த ஆடு முன்னங்கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. வாயோரம் நுரை தள்ளியிருந்தது.

பிள்ளை பாலுக்கு வீறிட்டு அழுதது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல எனக்கு விளக்கம் சொன்னாள்.

"வேலிகிட்ட நின்னு நல்லாப் பாத்துட்டுத்தாண்ணே விட்டேன். அங்கன குழையே இல்ல."