அத்திக்காட்டுச் சாமையும் மூன்று பிளாட்ஃபார்ம்களும்

1. மூடு விழா

“அத்திக்காடு சென்டரை மூடிடலாம்மா.”

காலையில் நான் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, முதலாளி ஏகாம்பரம் சார் இப்படி ஆரம்பித்தார். கையில் டேப்லெட். திரையில், ஜவ்வாது மலையில் எங்களுக்கு இருக்கும் கொள்முதல் சென்டர்கள் எல்லாம் கலர் கலராகக் கட்டம் கட்டி நின்றன. அத்திக்காட்டுக்கு நேரே மட்டும் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு.

“பாரு. லாரி மலை ஏறி எறங்குது, டிரைவருக்கு பேட்டா, டீசல்... சரக்கு இன்னா கீது? ஒண்ணுமே இல்ல. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிச்சிடலாம்.”

எங்கள் கம்பெனி கண்ணமங்கலத்தில் இருக்கிறது. மலையிலிருந்து சாமை, புளி, தேன் வாங்கி, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். நான் டேட்டா பிரிவின் தலைவி. சென்னையில் பெரிய பெரிய வங்கிகளின் டேட்டாவோடு மல்லுக்கட்டிவிட்டு இங்கே வந்தவள். “புளிக்கு எதுக்குடி மல்லிகா பிக் டேட்டா?” என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில்கூட விடுவதில்லை. எடை மெஷின், லாரி ஜிபிஎஸ், மில்லில் நொடிக்கு நொடி பேசும் சென்சார், ஆன்லைன் ஆர்டர் என்று எல்லாம் சேர்ந்து கொட்டுவதை ஒரு நாள் வந்து பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். எக்ஸெல் எங்களிடம் எப்போதோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது.

அத்திக்காடு சென்டரை மூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் கரடுமுரடான பாதையில் மூட்டையைச் சுமந்து அடுத்த சென்டருக்குப் போக வேண்டும், அல்லது வாசலுக்கே வரும் புரோக்கர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டும். சென்டரை நடத்தும் செவ்வந்திக்கு வேலை போகும். அதே ஊர்ப் பெண். அவளை இன்டர்வியூ செய்து எடுத்தவள் நான்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

2. ஒரே டேட்டா, ரெண்டு பதில்

அப்போது நாங்கள், கொட்டும் டேட்டாவை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடும் புதிய பிளாட்ஃபார்ம் வாங்குவதற்காக மூன்றை வைத்து டிரயல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிபிடி காட்டுகிறேன் என்று வந்தவர்களை எல்லாம் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். போன அறுப்பிலிருந்து இன்றுவரை உள்ள எங்கள் டேட்டாவை மூன்றுக்கும் கொடுப்பது, ஒரே கேள்விகளைக் கேட்பது. இதுதான் என் ஏற்பாடு.

முதலாவது ஹடூப் வகை. சர்வர்கள் நம் அறையிலேயே இருக்கும். வருவதை எல்லாம் சேர்த்து வைத்து மொத்தமாக அரைக்கும். எவ்வளவு போட்டாலும் தாங்கும், ஆனால் அதைப் பராமரிக்கத் தனியாக ஆள் வேண்டும். இரண்டாவது கிளவுட் வேர்ஹவுஸ். மெஷின் அவர்களுடையது, நமக்குத் தொல்லை இல்லை. எஸ்கியூஎல் என்ற மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். ஆனால் யோசிக்காமல் குவெரி போடுகிறவன் கையில் கொடுத்தால் மாதக் கடைசியில் பில் பழுத்துவிடும். மூன்றாவது ஸ்ட்ரீமிங். டேட்டா வர வர அப்போதே கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். அதைக் கொண்டுவந்தவர் கார்த்திக் என்ற இளைஞர். படவேடு ரோட்டில் எங்கள் லாரி ஊர்ந்து போவதை அவர் திரையில் காட்டியபோது சார் சொக்கிப்போனார்.

“அட, அப்படியே லைவா கீதேம்மா!”

அன்றிலிருந்து அந்த டேப்லெட் அவர் கையை விட்டு இறங்கவில்லை.

‘எந்த சென்டர் எவ்வளவு சரக்கு அனுப்பியது?’ என்ற கேள்விக்கு மற்ற இரண்டும் அத்திக்காட்டை முன்வரிசையில் காட்டின. கார்த்திக்கின் ஸ்ட்ரீமிங் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றது. அவரைக் கூப்பிட்டேன்.

“மேடம், அது ரெண்டுலயும் டூப்ளிகேட் இருக்கும். சிக்னல் வீக்கா இருந்தா போன் ஒரே ரெக்கார்டை நாலு வாட்டி அனுப்பும்.”

மறுக்க முடியவில்லை. அப்படி நடப்பது உண்டு. செவ்வந்தி எனக்கு வேண்டியவள் என்பதற்காக எனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டால் நான் டேட்டா ஆள் இல்லை, சிபாரிசு பிடிக்கிற ஆள்.

3. எடை போட்டது எப்போது, வந்தது எப்போது

எங்கள் ரெக்கார்டு ஒவ்வொன்றிலும் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று எடை போட்ட நேரம், இன்னொன்று சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தவாசல் சென்டரில் இரண்டுக்கும் நடுவே சில நொடிகள்தான். அத்திக்காட்டில் வாரக்கணக்கு!

ஸ்ட்ரீமிங்கில் ‘வாட்டர்மார்க்’ என்று ஒரு செட்டிங் உண்டு. தாமதமாக வரும் டேட்டாவுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு அது. வரம்பு தாண்டி வந்ததைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும். எரர் வராது, சிவப்பு விளக்கு எரியாது. கார்த்திக் அதில் பத்து நிமிடம் வைத்திருந்தார். ஏன் என்றால், முன்பு அவர் வேலை செய்து கொடுத்தது ஒரு ஃபுட் டெலிவரி கம்பெனிக்கு. பிரியாணிக்குப் பத்து நிமிடம் போதும், மலைச் சாமைக்குமா? எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

“சிக்னல் பிரச்சினைதானே மேடம், டவர் போட்டா சரியாயிடும்” என்றார் அவர்.

அங்கேதான் எனக்கு இடித்தது. செவ்வந்தி தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு எனக்கு குட்மார்னிங் அனுப்புகிறவள். பூ வருகிற வழியில் புளி வராதா? மறுநாள் காலை லாரியிலேயே ஏறி மலைக்குப் போனேன்.

4. ஊர்ப் பேச்சு

சென்டர் வாசலில் மூட்டை வரிசை. செவ்வந்தி எடை மெஷின் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துகீற! ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

“நான் நல்லாத்தான் கீறேன். எட போட்டதை ஏன்டி அன்னன்னிக்கு அனுப்ப மாட்டேங்கற? சிக்னல் கீதே?”

“அதுவா?” என்று சிரித்தாள். “மேல்கொல்லைக்காரங்களுக்கு இன்னும் அறுப்பு முடியலக்கா. அவங்களுதும் எட போட்டாத்தான் சென்ட் அமுத்துவேன். அது ஊர்ப் பேச்சு.”

கீழே உள்ள நிலங்களில் கதிர் முதலில் முற்றும், மேட்டு நிலங்களில் தாமதமாகும். முன்பு ஒரு புரோக்கர் முதலில் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு விலையும், கடைசியில் வந்தவர்களுக்கு அடிமாட்டு விலையும் கொடுத்தாராம். அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனார்கள். அதற்குப் பிறகு ஊர் கூடி முடிவு செய்ததுதான் இது. எல்லா வீட்டுச் சரக்கும் எடை போட்ட பிறகே கணக்கை மூட வேண்டும், எல்லோருக்கும் ஒரே விலை. எங்கள் ஆப்பில் சென்ட் அமுத்தினால் அந்தக் கணக்குக்கு அன்றைய விலை முடிவாகிவிடும். புளிக்கும் தேனுக்கும் அவர்கள் செய்வது இதுதான். மூட்டைகளை லாரி வாராவாரம் ஏற்றிப் போகும், கணக்கு மட்டும் மலையிலேயே நிற்கும்.

நடந்ததைச் சொன்னேன். செவ்வந்தியின் முகம் செத்துவிட்டது.

“சென்டரையே மூடறாங்களா? எங்களாலயா? இப்பவே அனுப்பிட்றேன்க்கா.”

கட்டைவிரல் பட்டனுக்குப் போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அதில், சாமையை இன்னும் அறுக்காமல் தேன் மட்டும் எடை போட வந்த மேல்கொல்லைக்காரர் ஒருவரும் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

“வேணாம், எடு கையை” என்றேன். “நீ உன் வேலைய உன் ஊருக்கு ஏத்தாப்பல செய். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, மலை இறங்கும் லாரியிலிருந்தே கார்த்திக்கைப் போனில் கூப்பிட்டேன்.

5. வெள்ளிக்கிழமை

நானும் கார்த்திக்கும் உட்கார்ந்தோம். நல்ல பிள்ளை, தப்பு என்று தெரிந்ததும் சாக்குச் சொல்லாமல் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். எடைச் சீட்டு எண்ணை வைத்து டூப்ளிகேட்டுகளை நீக்கினோம். மற்ற இரண்டு பிளாட்ஃபார்மிலும் அத்திக்காடு கொஞ்சம் இறங்கியது. கார்த்திக் சொன்னதும் பொய்யில்லை! பிறகு ஸ்ட்ரீமிங்கில், தாமதமாக வருவதைத் தள்ளாமல் தனியாக வாங்கி வைத்து, பழைய கணக்கில் சேர்க்கும்படி மாற்றினோம். அது விறுவிறுவென்று ஏறியது. மூன்றும் ஒரே எண்ணில் வந்து நின்றன. அத்திக்காடு இரண்டாம் இடம்! நான் கை தட்டிவிட்டேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

மீட்டிங்கில் சார் மசியவில்லை.

“முந்தாநாள் ஒண்ணு சொல்லிச்சு, இன்னிக்கு ஒண்ணு சொல்லுது. நான் எதைம்மா நம்பறது?”

“கோடவுனுக்கு வாங்க சார்.”

ஒவ்வொரு சென்டரும் மூட்டை வாயை ஒவ்வொரு கலர் நூலில் தைக்கும். அத்திக்காட்டுக்குச் சிவப்பு. கோடவுனின் ஒரு பக்கச் சுவர் முழுக்க, கூரையைத் தொடும் அளவுக்கு, சிவப்பு நூல் மூட்டைகள். சார் அந்த வரிசையின் கடைசிவரை நடந்து போனார், திரும்பி வந்தார்.

“இவ்ளோவும் அத்திக்காடா?”

“இவ்ளோவும்.”

ஒரு மூட்டையின் சிவப்பு நூலை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னையே முறைத்தார். “அந்த சென்டரை மூடணும்னு எவன்மா சொன்னான்?”

கார்த்திக் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

முடிவு இதுதான். விலை, கொள்முதல், எந்த சென்டரை வைப்பது போன்ற வியாபாரக் கணக்குக்கு கிளவுட் வேர்ஹவுஸ். லாரிக்கும் மில் மெஷினுக்கும் ஸ்ட்ரீமிங். அங்கே வேகம் வேண்டும், பெல்ட் அறுந்த செய்தி அடுத்த வாரம் வந்து பயனில்லை. ஹடூப் வகையை விட்டோம். அது மட்டம் என்பதால் அல்ல, பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை. மூட்டையைத் தூக்கிப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து எந்த சென்டரையும் மூடுவதில்லை என்பதையும் சார் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

“அப்ப அத்திக்காட்டுக்காரங்கள தினம் அனுப்பச் சொல்லிடு” என்றார் கடைசியாக.

“மாட்டாங்க சார். சொல்லவும் மாட்டேன். மாத்த வேண்டியது நம்ம செட்டிங்கை.”

‘என்னமோ செய்’ என்பதுபோல அவர் கையை ஆட்டினார். அவரிடம் அதற்கு மேல் சம்மதம் எதிர்பார்க்கக் கூடாது. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

பிளாட்ஃபார்ம் ஒப்பிடப் போகும் பிள்ளைகளே, எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள். கூடவே, தாமதமாக வருகிறவனை அது என்ன செய்யும் என்றும் கேளுங்கள். அவன் ஏன் தாமதமாக வருகிறான் என்று அவனிடமே போய்க் கேளுங்கள்.

மேல்கொல்லை அறுப்பு முடிந்து, சாமைக் கணக்கு மொத்தமாக வந்து சேர்ந்த அன்று செவ்வந்தி போன் செய்தாள்.

“அக்கா, எங்க ஊரை கம்ப்யூட்டரு மறந்துட்ச்சாமே? லாரி டிரைவரு சொன்னாரு.”

“அதுவா மறக்கலடி. மறந்துடுன்னு நாங்கதான் சொல்லி வெச்சிருந்தோம்.”

“இப்ப?”

“காத்திருன்னு சொல்லியிருக்கேன்.”

“அப்படிச் சொல்லு!” என்று சிரித்தவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே யாரையோ பார்த்துக் கத்தினாள். “நீ மெதுவா மூட்ட கட்டிக்கினு வாண்ணே, ஒண்ணும் அவசரமில்ல!”