ஆத்து வழியை அடைச்சது நான்தான்

பழைய பாலத்தை இடிக்கிறாங்கன்னு சித்தூரே வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கினு இருந்தப்போ எனக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. என் வீடும், நான் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்த ஸ்கூலும் ஆத்துக்கு இந்தப் பக்கம். காலையில ஆற அமர ரெண்டு இட்லி துன்னுட்டு, புடவை மடிப்புக் கலையாம நடந்தே போய்ச் சேர்ந்துடுவேன். அந்தப் பக்கத்து ஜனங்க பைபாஸைச் சுத்திக்கினு, ரயில்வே கேட்டுல நின்னு, திருப்பதி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல நசுங்கி வந்து சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிடும். ஒன்பது மணிக்குள்ள ஸ்கூலுக்கு வந்து போன் ஆப்புல மூஞ்சியைக் காட்டினாத்தான் டீச்சருங்களுக்கு அட்டெண்டன்ஸ். அவங்க மூச்சு வாங்க ஓடி வர்றதை நான் வராண்டாவுல நின்னு பார்ப்பேன். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

எங்களுது தமிழ் மீடியம் ஸ்கூலு. பிள்ளைங்களும் கம்மி, டீச்சருங்களும் என்னைச் சேர்த்து நாலே பேரு. அதுல ஒண்ணாங்கிளாஸ் டீச்சரும் அந்தப் பக்கத்துலருந்து வர்றவதான். பிரசவ லீவு முடிஞ்சு அப்போதான் வந்து சேர்ந்திருந்தா. வீட்டுல ஆறு மாசத்துப் பொண்ணு. பாலம் இருந்தவரைக்கும் மத்தியான பெல்லு அடிச்சதும் ஷேர் ஆட்டோ ஏறிப் போய், பாலைக் கொடுத்துட்டு, அடுத்த பெல்லுக்குள்ள வந்து நிப்பா. பாலத்தை மூடினதும் அது போச்சு. பைபாஸைச் சுத்தினா போகவே ஒரு மணி நேரம்.

குழந்தை புட்டிப் பாலைத் தொடலையாம். வாயில வெச்சாலே துப்புதாம், கஞ்சி கொடுத்தா கக்குதாம். புருஷன் திருப்பதியில வேலை, விடிய முன்னே கிளம்பிடுவான். வீட்டுல இருக்கறது தையல் தைக்கிற நாத்தனா ஒருத்திதான்.

"மேடம், நாத்தனா குழந்தையை இங்க எடுத்துக்கினு வந்துடட்டுமா? ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஓரமா இருப்பா, சத்தமே வராது"ன்னு கேட்டா.

"ஏம்மா, இது ஸ்கூலா, பால்வாடியா? இன்னிக்கு நீ எடுத்துக்கினு வருவே, நாளைக்கு இன்னொருத்தி தொட்டிலே கட்டுவா. ஆபீஸ்லருந்து தனிகி, சோதனைன்னு வந்தா யாரு பதில் சொல்றது? ஆறு மாசம் வீட்ல உக்காந்து கொடுத்தது போதாதா?"ன்னேன்.

தலையைக் குனிஞ்சிக்கினு போயிட்டா. ஆனா ரெண்டே நாள்ல அவளே ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா.

ஆத்துல தண்ணி ஏது, மணலும் முள்ளுச் செடியுந்தான். மத்தியானம் மெஷினை நிறுத்திட்டு வேலைக்காரங்க சாப்பிட உக்காருவாங்க. அந்த நேரம் பார்த்து அந்தக் கரையிலருந்து நாத்தனா குழந்தையோட எறங்குவா, இந்தக் கரையிலருந்து இவ எறங்குவா. நடு ஆத்துல, இன்னும் இடிக்காம நின்ன ஒரு தூணோட நிழல்ல உக்காந்து பால் கொடுத்துட்டு வந்துடுவா. எங்க மாடி வராண்டாவுல நின்னா எல்லாம் தெரியும்.

அந்த வேலைக்காரப் பசங்க எல்லாம் வடக்கத்தியானுங்க. தமிழும் வராது, தெலுங்கும் வராது. மூணாவது நாளு பார்க்கறேன், தூணுக்குப் பக்கத்துல நாலு கம்பியை நட்டு, நீலத் தார்பாயைச் சுத்திக் கட்டி வெச்சிருக்கானுங்க. உள்ளே உக்கார ஒரு ட்ரம்மைக் கவுத்துப் போட்டிருக்கானுங்க. அவ உள்ளே போனதும் அத்தனை பேரும் அந்தாண்ட திரும்பி உக்காந்து சாப்பிடறானுங்க. யாரு சொல்லிக் கொடுத்தா அவனுங்களுக்கு?

அவ கரையேறி வரும்போது மூஞ்சி அப்படியொரு தெளிவா இருக்கும். கால்ல மணலோட க்ளாஸுக்குள்ள போய் பிள்ளைங்களோட சேர்ந்து பாட்டுப் பாடுவா. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஏன்னு சொல்லிடறேன். எனக்கு மொதல் வேலை விஜயபுரம் பக்கத்துல. என் பையன் அப்போ மூணு மாசம். அவனை எங்கம்மாகிட்ட நகரியில விட்டுட்டு பஸ் ஏறுவேன். அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட மத்தியானம் ஒரு மணி நேரம் சேர்த்துக் கொடுங்க சார், போய்ட்டு வந்துடறேன்னு கேட்டதுக்கு, எல்லார் முன்னாடியும், "மாடு மேய்க்கப் போறவ கூட நேரத்துக்கு வர்றா"ன்னார். நெஞ்சு கல்லாக் கட்டிக்கினு, கக்கூஸ் பின்னாடி போய் நின்னு, சுவத்து மேலேயே பீச்சி விடுவேன். மறுநாள் போய்ப் பார்த்தா அந்த எடத்துல எறும்பு வரிசை கட்டிக்கினு இருக்கும். ஒருத்தரும் எனக்கு ஒரு தார்பாய் கட்டலை. அப்படிப் பட்டவளுக்கு இன்னொருத்தி படற கஷ்டம் புரியணும்தானே? புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. அதனாலதான் இவளுக்கு மட்டும் எப்படிக் கெடைக்கலாம்னு இருந்துச்சு.

பாலத்து வேலையைப் பார்த்துக்கினு இருந்த சூப்பர்வைசர் எங்க ஸ்கூல்லதான் குடிதண்ணி கேன் ரொப்பிக்கினு போவான். தெலுங்குப் பையன், மரியாதை தெரிஞ்சவன். அவனைக் கூப்பிட்டு, இடிக்கிற எடத்துல பொம்பளைங்க குழந்தையைத் தூக்கிக்கினு போறாங்களே, இது என்னப்பா வேலைன்னு கேட்டேன். சாப்பாட்டு நேரத்துல மெஷின் ஓடாது மேடம், அந்தத் தூணை இடிக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும், பசங்க பார்த்துக்கறாங்கன்னான். நான் விடலை. "நாளைக்கு ஒரு கல்லு உருண்டு குழந்தை தலையில விழுந்தா, டிவிக்காரன் உன்னைத்தான் பிடிப்பான். நான் எச்சரிக்கை பண்ணேன்னு எழுதிக் கொடுக்கவும் தயங்க மாட்டேன்"ன்னேன். பையன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "சரே மேடம்காரு, ரேபே மூசேஸ்தாம்"னான், நாளைக்கே மூடிடறோம்னு. சொன்ன மாதிரியே மறுநாள் ரெண்டு கரையிலயும் தகரம் நின்னுச்சு.

அன்னிக்கு மத்தியானம் அவ தகரத்துக்கு இந்தாண்ட நின்னுக்கினு இருந்தா. அந்தாண்ட குழந்தை அழற சத்தம் எங்களுக்கே கேட்டுச்சு. திரும்பி வந்தவ நேரா என்கிட்டதான் வந்தா.

"மேடம், அந்த சூப்பர்வைசர் உங்க பேச்சைக் கேப்பாரு. ஒரு ஆள் போற அளவுக்கு மட்டும் சந்து விடச் சொல்லுங்க மேடம். கால்ல வேணா விழறேன்."

"அட, எதுக்கும்மா கால்லெல்லாம்? பேசிப் பார்க்கறேன்"ன்னேன்.

ஒரு வாரத்துக்கு தினம் வந்து கேப்பா. பேசினேன்மா, ஒத்துக்க மாட்டேங்கறான்னு தினம் சொல்லுவேன். அவன்கிட்ட நான் வாயே தொறக்கலை.

அவளுக்குப் பால் சொரந்துக்கினே இருந்துச்சு. ரெண்டு மணி ஆனா ஜாக்கெட்டு முன்னாடி நனைஞ்சிடும், முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்குவா. "டீச்சர், தண்ணி கொட்டிக்கினீங்களா?"ன்னு ஒரு வாண்டு கேட்டு, க்ளாஸே சிரிச்சுது. சிரிப்பு எனக்கும் வந்துச்சு. பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கினு பீச்சிட்டு வருவா, கண்ணு செவந்திருக்கும். வீட்டுல குழந்தை பசி தாங்காம ஒரு வழியா புட்டியைப் பிடிச்சிக்கிச்சு. அதுக்கப்புறம் ராத்திரியில இவ வெச்சாலும் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாயை எடுத்துடுதாம். பால் கட்டிக்கினு காய்ச்சல் வேற வந்துடுச்சு. இருந்த லீவெல்லாம் தீர்ந்து போனதால காய்ச்சலோடவே வந்துக்கினு இருந்தா.

அந்தச் சமயத்துலதான் சூப்பர்வைசர் தண்ணிக்கு வந்தவன் சந்தோஷமா ஒரு சேதி சொன்னான். ஆத்துக்குள்ள குழாய் போட்டு மண்ணு கொட்டி டைவர்ஷன் ரோடு போடறோம் மேடம், பத்தே நாளு, ஆட்டோ, டூவீலர் எல்லாம் இப்படியே போயிடலாம்னான். "நல்லது"ன்னேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். அவ மேசையில தலையை வெச்சுப் படுத்துக்கினு இருந்தா. பத்து நாளு பொறுத்துக்கோம்மான்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்.

"ஏம்மா இப்படி அவஸ்தைப் படறே? மார்ல மல்லிப்பூ வெச்சுக் கட்டு, மூணே நாள்ல பால் வத்திடும்"னுதான் வந்துச்சு.

"வேணாம் மேடம், இன்னும் கொஞ்ச நாளு பார்க்கறேன்."

"என்னத்தைப் பார்க்கப் போறே? பாலம் கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும். காய்ச்சல் முத்திப் போச்சுன்னா கத்திதான் வெப்பாங்க."

பயந்துட்டா. மறுநாள் காலையில நானே மார்க்கெட்டுக்குப் போய், நெருக்கமாக் கட்டின மல்லி ரெண்டு முழம் வாங்கியாந்தேன். பாத்ரூம்ல கூட நின்னு, எப்படி வெக்கணும், எவ்ளோ இறுக்கணும்னு என் கையாலேயே கட்டி விட்டேன். தொட்டா நெருப்பு மாதிரி கொதிச்சுது. மத்த ரெண்டு டீச்சருங்களும், மேடம் வெளியிலதான் கடுகடுப்பு, உள்ளுக்குள்ள தாய் மாதிரின்னாங்க. அவ அழுதுக்கினே தலையாட்டினா. மூணு நாளும் பூவை மாத்தினது நான்தான். ஸ்டாஃப் ரூம் முழுக்க மல்லி வாசனை. நாலாவது நாளு காய்ச்சல் விட்டுடுச்சு. ஜாக்கெட்டும் நனையலை.

அடுத்த வாரம் ரோடு தொறந்துச்சு. அத்தனை ஆட்டோவும் புழுதியைக் கெளப்பிக்கினு ஆத்துக்குள்ள எறங்கி ஏறுச்சுங்க. ஸ்கூலே மாடி வராண்டாவுக்கு ஓடி வந்து கை தட்டுச்சு. அவ மட்டும் கை தட்டலை. ரோட்டையே பார்த்துக்கினு நின்னா.

"நாளைக்கு மத்தியானம் குழந்தையை எடுத்துக்கினு வரச் சொல்லும்மா. இங்கேயே ஒரு தடவை வெச்சுப் பாரு"ன்னு நானே சொன்னேன். இனிமே எதுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சப்புறம் எனக்குத் தாராளம் வந்துடுச்சு.

நாத்தனா ஸ்கூட்டியில வந்து எறங்கினா. குழந்தையை அன்னிக்குத்தான் பக்கத்துல பார்த்தேன். கொழுகொழுன்னு, காதுல சின்ன வளையத்தோட. அவ ஓரமா உக்காந்து, மடியில போட்டு, முந்தானையால மூடிக்கினா. குழந்தை வாயை வெச்சுது, எடுத்துச்சு. திரும்ப வெச்சா, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கினு கத்துச்சு. கையை நீட்டி நாத்தனா பையிலிருந்த புட்டியைக் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவளே புட்டியை வாங்கி வாயில வெச்சா. ஜாக்கெட்டு ஊக்கை மாட்டிக்கினு என்னைப் பார்த்து சிரிச்சா.

"பரவால்லை மேடம். இதுக்கும் எனக்கும் கொடுத்து வெச்சது அவ்ளோதான். நீங்களும் அந்த ஆளுகிட்ட எவ்ளோ நாளு கெஞ்சிப் பார்த்தீங்க."

"ஆமாம்மா, கல்லு மனசுக்காரன், கேக்கவே இல்லை"ன்னேன்.